தந்தையருக்கென்று ஒரு வரி



இன்று திருக்குடும்ப விழா. தூய பவுல் கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தை இரண்டாம் வாசகமாகக் கேட்டோம். மனைவியருக்கு, கணவருக்கு, பிள்ளைகளுக்கு என்று வரிசையாக அறிவுரை வருகிறது. முதல் இரண்டையும் திருமணத் திருப்பலியில் பேசிவிடுகிறோம். மூன்றாவதை முதல் நற்கருணை நாளில் பேசுகிறோம். கடைசியாகத் தந்தையருக்கும் ஒரு வரி இருக்கிறது. பிள்ளைகளுக்கு எரிச்சலூட்டிக்கொண்டே இருக்காதீர்கள், இருந்தால் அவர்கள் மனம் தளர்ந்துபோவார்கள் என்கிறார் பவுல். அந்த வரிக்கு வருவதற்குள் மறையுரை முடிந்துவிடுகிறது. இன்று அதிலேயே தொடங்குகிறேன்.

சில வீடுகளில் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். ஷூ போடச் சொன்னால் ஒரு காலில் போட்டுவிட்டு, ஜன்னலுக்கு வெளியே அணிலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். வேன் ஹாரன் கேட்டதும் வயிறு வலிக்கிறது என்று அழும். டைரியைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வரும். ராத்திரி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். எழுந்தது முதல் படுக்கும்வரை அந்தப் பிள்ளையின் காதில் விழுகிற வார்த்தைகளை எண்ணிப் பாருங்கள். "எத்தனை வாட்டி சொல்றது?" "அண்ணனைப் பாரு." "இதுக்கெல்லாமா பயப்படுவ?"

கவனம் நழுவுவதும் பயமும் ஒன்றையொன்று வளர்க்கின்றன. மறந்ததற்குத் திட்டு விழுகிறது. அடுத்த திட்டு எப்போது விழுமோ என்று பிள்ளை பயப்படுகிறது. பயம் நிறைந்த மனதில் டீச்சர் சொல்வது ஏறுவதில்லை. ஏறாததால் மறுபடியும் திட்டு. இப்படியே போனால் ஏழெட்டு வயதுக்குள் 'நான் கெட்ட பிள்ளை' என்று அது முடிவுகட்டிவிடும். பவுல் சொன்ன மனத்தளர்ச்சி இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

யார் மேல் பழி போடுகிறோம்? பெரும்பாலும் அம்மா மேல். வேலைக்குப் போகிறவளானால் போவதால் என்கிறோம், வீட்டில் இருப்பவளானால் செல்லம் கொடுத்ததால் என்கிறோம். 1902-இல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் இத்தகைய பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றுதான் அவரும் அதை அழைத்தார். ஆனால் நல்ல வளர்ப்பு உள்ள வீடுகளிலும் அதைக் கண்டதாகச் சொன்னார். இன்று மருத்துவர்கள் இதை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு அது, பரம்பரைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஆகவே, "நாலு போடு போட்டா சரியாயிடும்" என்று சொல்கிற அப்பாக்களே, உங்கள் பழைய ரிப்போர்ட் கார்டையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

நற்செய்திக்கு வருவோம். பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிடுகிறார். பெற்றோர் ஒருநாள் வழி நடந்தபிறகுதான் கவனிக்கிறார்கள். உறவினர்களிடமும் அறிமுகமானவர்களிடமும் தேடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஓர் அத்தையாவது, 'பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவள்' என்று முணுமுணுத்திருப்பார். லூக்கா அதை எழுதவில்லை; நம் ஊர் அனுபவத்தில் சொல்கிறேன். மூன்றாம் நாள் கோவிலில் கண்டதும் மரியா முதலில் கேட்பது ஒரு கேள்வி: ஏன் இப்படிச் செய்தாய்? தானும் தந்தையும் எவ்வளவு கலங்கித் தேடினோம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். மகன் பதில் சொல்கிறார். அந்தப் பதில் அவர்களுக்குப் புரியவில்லை என்று லூக்கா வெளிப்படையாக எழுதுகிறார். திருக்குடும்பத்திலேயே பெற்றோருக்குப் பிள்ளை புரியாமல் போயிருக்கிறது! இயேசுவுக்குக் கவனக் குறைபாடு இருந்தது என்று நான் சொல்லவில்லை, யாரும் ஆயருக்குக் கடிதம் எழுத வேண்டாம். புரியாதபோதும் மரியா மகனை ஒதுக்கவில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு அவரோடு நாசரேத்துக்கு நடந்தார் என்பதைத்தான் சொல்கிறேன்.

வீட்டில் என்ன செய்யலாம்? அடுப்படியிலிருந்து கத்தாதீர்கள். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். அது முடிந்தபிறகு அடுத்தது. செய்தால் அந்த நிமிடமே பாராட்டுங்கள், ராத்திரி அப்பா வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். வயிற்றுவலியை நடிப்பு என்று சொல்லாதீர்கள். பயத்தில் வருகிற வலியும் வலிதான். அதற்காகப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் பயம் வேர்விடும். டீச்சரிடம் பேசிவிட்டு, இன்று கேட் வரை, நாளை வகுப்பு வாசல் வரை என்று கூடவே போங்கள். இதையெல்லாம் அம்மா ஒருத்தியால் தினமும் செய்ய முடியாது. அவளும் தூங்க வேண்டும்.

மருத்துவரிடம் போவதற்கு வெட்கப்படாதீர்கள். வீட்டில் மட்டும் இப்படியா, பள்ளியிலும் இப்படியா என்று அவர் கேட்பார். ஓரிடத்தில் மட்டும் தெரிந்தால் காரணம் வேறாக இருக்கலாம். கண், காது, தூக்கம் எல்லாவற்றையும் பார்ப்பார். ஆறு வயதுக்குள் இருந்தால் பெரும்பாலும் மாத்திரைக்கு முன் பெற்றோருக்குப் பயிற்சி கொடுப்பார்கள். பழி உங்கள் மேல் என்று அதற்கு அர்த்தமில்லை, அதிகநேரம் கூட இருப்பவர்கள் நீங்கள்தான் என்பதால். பெரிய பிள்ளைக்கு மருந்து தேவை என்றால் கொடுங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இன்னொன்று கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளுங்கள், பூண்டிக்குப் போங்கள், நானும் உங்களோடு செபிக்கிறேன். ஆனால் பயந்த குழந்தையை நடுவில் நிறுத்தி, பத்துப் பேர் தலையில் கைவைத்து, ஆவியே போ என்று கத்துகிற கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். ஏற்கெனவே தன்னைக் கெட்ட பிள்ளை என்று நினைக்கிற குழந்தையிடம், உனக்குள் பேய் இருக்கிறது என்று சொல்கிறோம்.

நம் கோவிலையும் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் தடைசெய்த தண்டனை மறைக்கல்வி வகுப்பில் மட்டும் எப்படி நியாயமாகும்? முட்டி போட வைப்பது இன்றோடு நிற்கட்டும். மந்திரங்களை மனப்பாடமாகச் சொல்ல வராத பிள்ளைக்குப் படம் காட்டுங்கள், நடித்துக் காட்டச் சொல்லுங்கள். சிறுவர் திருப்பலிக்காக 1973-இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டியே சைகையும் அசைவும் பவனியும் குழந்தைகளுக்கு வேண்டும் என்கிறது. திருப்பலியில் ஒரு குழந்தை எழுந்து நடந்தால் முன்வரிசையே திரும்பி முறைக்கிறது. அதைத் தாங்க முடியாமல்தான் சில அம்மாக்கள் ஞாயிறு வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த ஞாயிறு முதல் பக்கவாசலை ஒட்டிய கடைசி இரண்டு வரிசைகளை இந்தக் குடும்பங்களுக்கு விட்டுவிடுங்கள். காணிக்கைப் பவனியில் அப்பம் கொண்டுவர, உட்கார முடியாத பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருக்கிறேன். திருப்பலி முடிந்ததும் அப்பாக்கள் பத்து நிமிடம் என்னைப் பங்கு அலுவலகத்தில் பாருங்கள், அம்மாக்கள் வீட்டுக்குப் போகலாம்.

இப்போது நம்பிக்கை அறிக்கைக்கு எழுந்து நிற்போம். நிற்க முடியாத பிள்ளைகள் நடக்கட்டும், யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.