ஓயாமையும் நிலைபேறும்

கிழக்கே கடலும் மேற்கே வயலுமாக அமைந்த நிந்தவூரில், வாய்க்காலில் நீர் ஒழுங்காக வரும் நாளில் அதனைப் பற்றிப் பேசுவார் இல்லை. கல்லோயாத் திட்டத்தின் நீர் வயலைச் சேர்வது கதிரவன் உதிப்பது போன்ற இயல்பான நிகழ்ச்சியாகவே கருதப்படுகின்றது. நீர் வாராத நாளிலேதான் வட்டவிதானையின் பெயர் பலர் வாயிலும் அடிபடும். செவ்வனே நடைபெறும் பணி புலனாவதில்லை. அது தவறும்பொழுதே புலனாகின்றது. இவ்வாறு புலனாகாத பணிக்கு அறத்தில் உரிய இடம் யாது என்னும் வினா, நீர்ப்பாசனத்துக்கு மட்டுமன்றிக் கணினிச் சேவையகங்களுக்கும் உரியதாகும்.

இன்று வங்கிக் கணக்கும் பரீட்சைப் பெறுபேறும் அரச அலுவலகக் கடிதங்களும் எங்கோ தொலைவில் இயங்கும் சேவையகங்களிலே தங்கியுள்ளன. அவற்றின் தரத்தை அளப்போர், அவை ஓயாது இயங்கும் காலத்தை நூற்றுவீதத்திற் கூறுவர். 99.9 வீதம் என்பது முழுமை போலவே தோன்றும். எனினும், ஓராண்டில் ஏறத்தாழ 8 மணி 46 நிமிடம் சேவை இல்லை என்பதே அதன் பொருள். 99.99 வீதமாயின் அது 53 நிமிடமளவாகச் சுருங்கும். அந்த நேரம் எவருடைய வாழ்வில் விழுகின்றது என்பதை வீதக் கணக்குக் கூறாது. ஒருநாட் கூலியை விட்டு அலுவலகத்துக்கு வந்து, 'சிஸ்டம் வேலை செய்யவில்லை' என்ற விடையோடு திரும்பும் மீனவனுக்கு அன்றைய இழப்பு நூறு வீதமானதே.

அவ்வாறாயின், ஓயாது இயங்குதலே தலையாய கடமை என முடிவு செய்யலாமா? இலங்கையில் 2023ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்று அம்முடிவை ஏற்கவிடாது தடுக்கின்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில், கப்பம் கோரும் தீய நிரலொன்று இலங்கை அரச மேகக் கணினி அமைப்பைத் தாக்கிற்று. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிப்புற்றன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குக் காப்புப்பிரதி இருக்கவில்லை, அவை மீளவில்லை. அங்கு பயன்பட்ட மின்னஞ்சல் மென்பொருளோ 2013ஆம் ஆண்டின் பதிப்பு. அதனை ஆக்கிய மைக்ரோசாப்ட் நிறுவனமே 2023 ஏப்ரலில் அதற்கான ஆதரவை நிறுத்தியிருந்தது. தாக்குதல் நிகழும் நாள்வரை அம்முறைமை இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அது நிலைபெற்றிருக்கவில்லை. ஓயாமை வேறு, நிலைபேறு வேறு. முன்னது இன்றைய நாளைக் குறிப்பது. பின்னது நாளை வருவதைத் தாங்கும் ஆற்றலைக் குறிப்பது.

மாற்றத்தைத் தள்ளிப்போடுதல் ஒரு குற்றமெனின், ஆராயாது மாற்றுதல் பிறிதொரு குற்றம். 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் நிறுவனம் தனது பாதுகாப்பு மென்பொருளுக்குப் பிழையான புதுப்பிப்பொன்றை அனுப்பியது. அம்மென்பொருள் பணிசெயல் முறைமையின் உட்கருவிலேயே இயங்குவதாதலால், ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் உலகெங்கும் இடருற்றன. காக்கவென வந்ததே கவிழ்த்தது. கரையைச் சோதியாது மதகுகள் அனைத்தையும் ஒரே வேளையில் திறந்துவிடுதலை ஒத்தது இது.

இவ்விரு குற்றங்களுக்கும் நடுவிலுள்ள நெறியை நெற்செய்கையாளர் நெடுங்காலமாக அறிவர். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் இடையில் நீரை நிறுத்தி, வாய்க்காலைத் துப்புரவு செய்து, உடைந்த கட்டைத் திருத்துவர். அந்நிறுத்தம் சேவையின் குறைபாடன்று. சேவையின் ஒரு கூறாகும். அறிவித்து, அளவிட்டு, திருத்தத்தின் பொருட்டு நிறுத்துபவன் நம்பிக்கையைக் காக்கின்றான். வீதக் கணக்குக் குறைந்துவிடும் என்று அஞ்சி நிறுத்தாதவனோ பிறருடைய பொருளைப் பணயம் வைக்கின்றான்.

'பொறி பழுதாவது இயல்பு. அது விதி' என்று கூறுவாரும் உளர். வெள்ளம் வருதல் மனிதன் கையில் இல்லை என்பது உண்மையே. ஆயினும் கட்டைத் திருத்தாது விடுதல் மனிதனுடைய செயலே. ஒட்டகத்தைக் கட்டாது விட்டவன் தவக்குல் பேசுதல் தகாது என்பது நிந்தவூர்ச் சிறுவரும் அறிந்த பாடம். பிறர் ஒப்படைத்த பொருளை அமானிதம் என அவ்வூரார் வழங்குவர். அமானிதத்தை ஏற்றவனுக்கு அதனைத் திருடாதிருத்தல் மட்டும் போதாது; கெடாது காத்தலும் கடமை. சேவையகத்திலுள்ள தரவும் அத்தகையதே.

அக்கடமை சேவையகத்தைக் காப்பவரோடு முடிவதுமில்லை. புதிய கட்டடத்துக்கு நாடா வெட்ட விழா எடுக்கும் சமூகம், காப்புப்பிரதி எடுத்த இரவுக்கு விழா எடுப்பதில்லை. பராமரிப்புக்குப் பணம் ஒதுக்க மறுப்பவரும், ஒருநாள் நிறுத்தத்தையும் பொறுக்க மறுப்பவரும் வரவிருக்கும் உடைப்பிற் பங்காளிகளே. வாய்க்காலில் நீர் வரும் நாளில் வட்டவிதானையை நினைப்பவரே, நீர் வாராத நாளில் அவரைக் கேள்வி கேட்கும் தகுதியை உடையவராவர்.