பாவசங்கீர்த்தனம் இருக்கக் கூட்டம் எதற்கு?

குடியினால் நலிந்த வீடு ஒன்றேனும் இல்லாத பங்கு அபூர்வம். அத்தகைய வீட்டில் மனைவி சொல்வாள்: "குடியை விட்டவர்கள் கூடும் கூட்டம் ஒன்று பக்கத்து ஊரில் நடக்கிறதாம். ஒருநாள் போய் வாருங்களேன்." கணவன் பதில் சொல்வான்: "நான் கோவிலுக்குப் போகிறவன். சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறேன். முன்பின் தெரியாதவர்கள் நடுவே உட்கார்ந்து என் மானத்தை நானே வாங்கிக்கொள்ளவா?"

கேள்வி நியாயமாகவே தோன்றுகிறது. தேவத்திரவிய அனுமானம் இருக்க மனுஷர் துணை எதற்கு?

பெத்தானியாவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். லாசரை உயிர்ப்பித்தவர் சேசுநாதர் ஒருவரே. அதில் வேறெவருக்கும் பங்கில்லை. ஆனால் கல்லறையிலிருந்து வந்தவனின் கைகால்கள் சீலைகளால் கட்டுண்டிருந்தன. அவற்றை அவிழ்க்கும் வேலையை ஆண்டவர் அருகே நின்றவர்களுக்கு விட்டார். மரித்தவனை எழுப்பியவருக்கு ஒரு முடிச்சை அவிழ்க்க வல்லமை இல்லையா? மனுஷரைக் கொண்டே மனுஷருக்கு உதவச் சித்தமானார். பாவசங்கீர்த்தனத்தில் ஆத்துமம் உயிர் பெறுகிறது. நெடுநாள் குடி சரீரத்திலும் மனதிலும் போட்ட கட்டுகள் அந்த நேரமே அவிழ்ந்துவிடும் என்று திருச்சபை போதித்ததில்லை.

அப்படியானால் குடிப்பவன் நோயாளியா, குற்றவாளியா? மிதமிஞ்சிய குடிப்பழக்கம் ஒரு நோய் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். பழக்கம் முதலானவை ஒருவனுடைய குற்றப் பொறுப்பைக் குறைக்கலாம், சிலவேளை நீக்கவும் கூடும் என்று 1992-ல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கூறுகிறது. மூன்றாம் கிளாஸுக்குக் கை நீட்டும்போது அவனுக்குச் சுயாதீனம் அநேகமாய் இல்லை. ஆனால் மாலையில் வேலை முடிந்து தெருமுனையில் நிற்கும்போது கொஞ்சம் சுயாதீனம் மிச்சமிருக்கிறது. கடைப் பக்கம் திரும்புவதா, கூட்டத்தின் பக்கம் திரும்புவதா? அந்தக் கொஞ்சத்தை என்ன செய்தான் என்பதற்கே அவன் கணக்குச் சொல்ல வேண்டும். நோயாளியாய் இருப்பது குற்றமல்ல. மருந்து இருக்கிறதென்று தெரிந்தும், போக முடிந்தும், மானத்தை எண்ணிப் போகாதிருப்பதற்கு என்ன நியாயம் சொல்வோம்?

இந்தக் கூட்டங்கள் தோன்றிய வரலாறே இதற்குச் சாட்சி. 1935-ம் ஆண்டு மே மாதம், ஐந்து மாதமாய்க் குடியை விட்டிருந்த வில்லியம் வில்சன் என்னும் நியூயார்க் பங்குத் தரகர், வியாபார காரியமாய் ஆக்ரன் நகருக்கு வந்து தோல்வியுற்றார். ஓட்டல் முன்கூடத்தில் தனியே நின்றார். ஒருபுறம் மதுச்சாலை, மறுபுறம் ஊர்க் கோவில்களின் பட்டியலும் டெலிபோனும். அவர் டெலிபோனை எடுத்து, தம்மைப் போன்ற குடிநோயாளி ஒருவரைப் பார்க்க உதவி கேட்டார். அப்படிக் கிடைத்தவர் ராபர்ட் சிமித் என்னும் வைத்தியர். சிமித் குடியை விட்ட ஜூன் 10-ந் தேதியே 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' சங்கத்தின் பிறந்த நாள். 1939 முதல் அவ்வூர் அர்ச். தோமையார் ஆஸ்பத்திரியில் இஞ்ஞாசியா என்னும் கன்னியாஸ்திரீ, டாக்டர் சிமித்தோடு சேர்ந்து குடிநோயாளிகளைப் பராமரித்தார். வீடு திரும்புகிறவர் கையில் திவ்விய இருதய அடையாளம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்க நினைத்தால், முதலில் அதைத் தம்மிடம் திருப்பித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்வார்.

கூட்டத்தில் நடப்பது என்ன? சந்தா இல்லை. குடியை விட விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தம் கதையைச் சொல்வார்; மற்றவர்கள் கேட்பார்கள். புதியவர் பேசியாக வேண்டுமென்பதில்லை. அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை. அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் ஆத்தும சோதனை உண்டு. குற்றத்தைக் கடவுளிடமும் இன்னொரு மனிதனிடமும் ஒத்துக்கொள்ளுதல் உண்டு. தீங்கு செய்தவர்களுக்கு ஈடு செய்தல் உண்டு. ஞானோபதேசம் படித்தவனுக்கு இவை புதியவையா? அங்கே உண்மை பேசிப் பழகியவன் பாவசங்கீர்த்தனத் தொட்டியிலும் ஒளிக்காமல் பேசுவான்.

எப்படித் தேடுவது? அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவிலோ, மறுவாழ்வு மையத்திலோ கேட்டால் அருகே கூட்டம் நடக்கும் இடமும் நாளும் தெரியவரும். தமிழில் நடக்கும் கூட்டங்களும் உண்டு. தனியே போகக் கூச்சமாயிருந்தால், எவரும் வரக்கூடிய திறந்த கூட்டத்துக்கு ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். நாள்தோறும் மிகுதியாய்க் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகையால் முதலில் வைத்தியரைப் பார்ப்பது அவசியம். மனைவி மக்களுக்கென்று 1951-ல் தொடங்கிய 'அல்-அனான்' கூட்டங்களும் உண்டு. அவர் வர மறுத்தாலும் நீங்கள் போகலாம்.

கடைசியாக, குடியாத நமக்கு ஒரு வார்த்தை. பெத்தானியாவில் அருகே நின்றவர்கள் நாம்தாம். அந்தக் கூட்டத்துக்குள் யார் நுழைந்தார் என்று தெருவில் பேசுகிறவன் அவிழும் கட்டை மறுபடி இறுக்குகிறான். துணையாய் வாசல்வரை நடந்து போகிறவனோ, ஆண்டவர் இட்ட வேலையைச் செய்கிறான். இந்த வாரம் அப்படி நடந்து போக நம்மில் ஒருவராவது முன்வருவோமாக.