எது அந்தப் படம்?

பழைய தமிழ்ப் படம் ஒன்றுக்குச் சந்தையில் மூன்று நான்கு டிவிடிகள் இருக்கும். ஒன்றில் நிறம் வெளுத்து எல்லா முகமும் செம்மண் பூசியதுபோல் தெரியும். இன்னொன்றில் மூலையில் ஒட்டிய கம்பெனி முத்திரை கடைசிவரை நகராது. வேறொன்று புதிதாகத் துலக்கப்பட்டு அகலத்திரையில் விரியும். இவற்றில் எதை வாங்கலாம் என்பது கடையில் கேட்கிற கேள்வி. இவற்றில் எது அந்தப் படம் என்பது வேறு கேள்வி. மாறிக்கொண்டே இருக்கும் உருவங்களுக்குள் மாறாமல் நிற்பது எது என்று சைவரும் பௌத்தரும் நூற்றாண்டுக்கணக்கில் வழக்காடிய கேள்வி அது. நிலைத்த பொருள் எதுவும் இல்லை, கணந்தோறும் தோன்றி மறைவதன் தொடர்ச்சிதான் உண்டு என்ற பௌத்தர் வாதத்தை ஏற்றால், ஒவ்வொரு டிவிடியும் ஒரு தனிப்படம். அசலைத் தேடுவது வீண்வேலை. எனக்கு அதில் உடன்பாடில்லை. படம் ஒன்றுதான், பிரதிகள் அதற்குக் கடமைப்பட்டவை என்பது என் கட்சி.

இதை விளங்கிக்கொள்ள ஆரணித் தறியைவிட நல்ல இடம் கிடைக்காது. பட்டுப்புடவையின் கரையும் முந்தியும் முதலில் கட்டம்போட்ட தாளில் வரையப்படுகின்றன. அதைப் பார்த்து அட்டைகளில் துளை போடுகிறார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுகிறார்கள். துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்து அதற்குரிய பாவு இழை மேலே எழும்பும். துளை இல்லாத இடத்தில் இழை எழும்பாது. அட்டை கிழிந்துபோனால் அதே துளைகளோடு இன்னோர் அட்டை வெட்டிக்கொள்வார்கள். டிசைன் செத்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு துளை இடம் மாறினாலோ, அட்டை புத்தம்புதிதாக இருந்தாலும் மயிலின் கழுத்து முறிந்துவிடும். சினிமாவும் பிறப்பிலேயே பிரதியெடுக்கப்படுவதற்காக அமைந்த கலை. நெகட்டிவைத் தியேட்டரில் யாரும் பார்த்ததில்லை. பார்த்தது அதிலிருந்து எடுத்த பிரிண்ட். ஆக, படம் இருப்பது பிலிம் சுருளில் அல்ல, அது தாங்கும் ஒழுங்கில்.

ஆரணிக்காரர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம், அவர் குறுக்கீடு நியாயமானது. டிசைன்தான் எல்லாம் என்றால், அதே டிசைனை விசைத்தறியில் பாலியெஸ்டரில் அடித்து விற்பதும் எங்கள் புடவைதானா? இல்லை. பட்டின் வழவழப்பும், ஜரிகையின் கனமும், மடிப்பு விழும் விதமும் புடவையின் வெளியே ஒட்டிய சமாசாரங்கள் அல்ல. இந்த எதிர்வாதம் என் கருத்தைக் கவிழ்க்கவில்லை, ஆழப்படுத்துகிறது. படத்துக்கும் இழை உண்டு. பிலிமில் படிந்த வெள்ளித் துகள்களால் உண்டாகும் நுண்ணிய பொரிவு அது. துலக்குகிறேன் என்று கணினி வைத்து அதை முற்றாக வழித்தெடுத்த டிவிடிகளில் முகம் மெழுகுபொம்மை ஆகிவிடுகிறது. வியர்வையும் சுருக்கமும் அழுக்கோடு சேர்ந்து போய்விடுகின்றன. வட்டில் இடம் போதாதபோதும் இழைதான் முதலில் சாகிறது. இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி. இரண்டரை மணிநேரப் படம் ஒன்றை மட்டும் வைத்தால் நொடிக்குச் சுமார் 75 லட்சம் பிட் கிடைக்கும். மூன்று படங்களை அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் 25 லட்சம். அதன் விளைவை நாயகியின் பட்டுப்புடவையில் பார்க்கலாம். நடனத்தில் அவர் சுழலும்போது ஜரிகைக் கரை சின்னச் சின்னச் சதுரங்களாக உடைகிறது. புடவையில் பொடிக்கட்டம் இருந்தால் அது துணியில் இல்லாத கோடுகளாக நெளிகிறது. நெய்தவர் கண்ணுக்கு அது வேறு துணி.

அடுத்து அகலத்திரை. ஏ.பி. நாகராஜனின் ‘திருவிளையாடல்’ 1965-இல் வந்தது. அதை 2012-இல் டிஜிட்டலாகத் துலக்கி சினிமாஸ்கோப்பில் மறுபடி வெளியிட்டார்கள். அன்றைய சட்டகம் உயரத்தைப்போல் 1.37 பங்கு அகலம், சினிமாஸ்கோப் 2.35 பங்கு. ஒன்றை மற்றதாக்க மேலும் கீழும் வெட்ட வேண்டும், அல்லது பக்கவாட்டில் இழுக்க வேண்டும். வெட்டு மட்டும் என்றால் படத்தின் 40 சதவீதத்துக்கு மேல் போய்விடும். நாகேஷ் உடம்பு முழுவதாலும் நடித்த தருமி காட்சியில் அது எவ்வளவு பெரிய இழப்பு! வசதி இருந்திருந்தால் அவர்களே அப்படித்தான் எடுத்திருப்பார்கள் என்று சமாதானம் சொல்கிறார்கள். வசதி வந்தபோது நாகராஜன் எடுக்கத்தான் செய்தார்: தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973) அவர் இயக்கியதே. அகலத்துக்கு எப்படி அடுக்க வேண்டும் என்று அறிந்தவர் அவர். 1965-இல் அடுக்கியது வேறு சட்டகத்துக்கு.

பக்தியோடு பார்ப்பவருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்பது இதைவிடக் கனமான ஆட்சேபம். மங்கிய விசிடியிலும் சிவன் தோன்றும்போது கை கூப்புகிறார்களே! உண்மை, அந்தக் கண்ணீரில் குறையொன்றும் இல்லை. ஆனால் பார்ப்பவரின் பக்தி பெரிது என்பதால் காப்பவரின் கடமை சிறிதாகிவிடாது. நம் கோயில் மரபே இதற்குச் சாட்சி. இறைவன் கல்லுக்குள் அடங்குபவர் அல்லர் என்று சொல்லும் அதே மரபு, சிதைந்த கோயிலை எப்படிப் புதுப்பிக்க வேண்டும் என்று விதி வகுக்கிறது. மூர்த்தியின் சக்தியைக் கலசத்துக்கு மாற்றி, பாலாலயம் என்னும் தற்காலிகச் சன்னிதியில் வைத்துப் பூசித்து, திருப்பணி முடிந்ததும் திரும்ப எழுந்தருளச் செய்கிறது. திருமழபாடியில் நடந்தது அதற்கும் ஒருபடி மேல். வைத்தியநாதர் கோயில் விமானத்தை இடித்துக் கட்டும்படி முதலாம் ராஜராஜன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் உத்தரவிட்டபோது, சுவரிலிருந்த பழைய கல்வெட்டுகளை முதலில் புத்தகத்தில் படியெடுக்க வைத்தான். அவற்றைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டியது அவன் மகன் ராஜேந்திரனின் 14-ஆம் ஆண்டில், அதாவது 1026-ஐ ஒட்டி. இடித்தோம், எடுத்து வைத்தோம், திரும்பப் பொறித்தோம் என்ற செய்தியும் அங்கேயே கல்லில் இருக்கிறது.

டிவிடியோடு வரும் கூடுதல் அம்சங்களின் மதிப்பை நான் இங்கிருந்துதான் அளக்கிறேன். நீக்கிய காட்சியும் நடிகர் பேட்டியும் இருந்தால் மகிழ்ச்சிதான். இன்றியமையாதது, இந்தப் பிரதி எங்கிருந்து வந்தது என்ற சாட்சியம். சத்யஜித் ராயின் அபு முப்படத்தின் நெகட்டிவ்கள் 1993-இல் லண்டன் லேப் ஒன்றின் தீவிபத்தில் கருகின. இத்தாலியின் பொலோனா நகரில் அவற்றை மெல்ல நெகிழவைத்துப் பிரித்து, ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறத்தாழ 40 சதவீதத்தை மீட்டார்கள், மற்ற பகுதிகளுக்கு வேறு நாடுகளிலிருந்த பிரதிகள் உதவின. 2015-இல் கிரைட்டீரியன் நிறுவனம் வெளியிட்டபோது அந்த மீட்பைப் பற்றிய குறும்படமும் வட்டிலேயே இருந்தது. ‘பிளேடு ரன்னர்’ படத்துக்கு 2007-இல் ஐந்து வடிவங்களை ஒரே பெட்டியில் கொடுத்தார்கள். எதையும் மறைத்து மற்றொன்றை அசலாக்கவில்லை. அதெல்லாம் பணக்கார நாட்டு ஏற்பாடு, இங்கே கட்டுபடியாகாது என்பார்கள். ஆவணப்படம் எடுக்கக் கட்டுபடியாகாதுதான். நெகட்டிவா, தியேட்டர் பிரிண்டா, எதிலிருந்து எடுத்தது, சட்டகம் வெட்டப்பட்டதா, ஒலி புதிதாகச் சேர்த்ததா என்று மூன்று வரி அச்சிட என்ன செலவு? மோசர் பேர் நிறுவனம் 2007-இல் 34 ரூபாய்க்குக் கொண்டுவந்த டிவிடிகளின் உறையிலேயே அதற்கு இடம் இருந்தது.