நற்சான்று எழுதும் கை

ஒருவரைப்பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிக் கொடுப்பதில் நமக்கென்ன நஷ்டம் என்று நம்மவரிற் பலர் கேட்பதுண்டு. வேலை தேடும் பிள்ளைக்கு வேலை கிடைக்கிறது. எழுதியவருக்கு நன்றி கிடைக்கிறது. தாளும் மையுமன்றி வேறு செலவில்லை. மேற்போக்காகப் பார்ப்பின் இவ்வாதம் சரியெனவே தோன்றும். ஆயினும் அவ்வேலை ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலையாயின் செலவு உண்டு. அதனை நாம் வேறொருவர் கணக்கில் எழுதிவிடுகிறோம் என்பதே எமது கருத்து. அவ்வாறு சுமப்போர் ஏழு வயதுச் சிறுவர். நற்சான்று எழுதப்பட்டது அவர்களுக்குத் தெரியாது. எழுதியவர் யாரென்றும் தெரியாது. இவ்வாசிரியர் எமக்கு வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு வாயில்லை.

மலாயாத் தமிழர் இச்செலவை முன்னரே பெருந்தொகையாகக் கொடுத்தவர்கள். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேருக்குக் குறையாதிருந்த தோட்டங்களில் பள்ளி வைக்கவேண்டுமென்று விதித்தது. பள்ளியென்ற பெயருக்கு ஒரு கொட்டகை எழும்பிற்று. ஆசிரியர் எங்கே? பல தோட்டங்களில் கங்காணியோ, கிராணியோ, ஆஸ்பத்திரி டிரசரோ, சிறிது எழுத்தறிந்த தொழிலாளியோ அவ்விடத்தில் அமர்ந்தார். தகுதி பார்த்து அமர்த்தப்பட்டவரல்லர் அவர்; கைக்கெட்டிய ஆள் என்பதால் அமர்ந்தவர். (அவர்களுள்ளும் உள்ளன்போடு கற்பித்தோர் உண்டு, அவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை.) இன்று அந்நிலை இல்லை. மலேசியாவில் பயிற்சி பெற்றோரைக் கல்விச் சேவை ஆணையம் நேர்காணல் செய்து நிரந்தரமாக நியமிக்கிறது. ஆயினும் சிபாரிசு மறைந்துவிட்டதென்று யாரும் எண்ணவேண்டாம். பயிற்சிக் காலத்தில் வழிகாட்டி ஆசிரியர் எழுதும் மதிப்பீடும், தற்காலிக ஆசிரியர் தேடும் தலைமையாசிரியரின் காதில் சொல்லும் ஒரு வார்த்தையும், பாலர் பள்ளி நடத்துவோருக்கு அனுப்பும் கடிதமும் அதன் வேலையையே செய்துவருகின்றன.

அண்மையில் பயிற்சி மாணவி ஒருவருக்கு அத்தகைய கடிதம் எழுதித் தரும்படி அவருடைய தந்தையார் எம்மைக் கேட்டார். நெடுநாட் பழக்கமுடையவர். மாணவியும் கெட்டிக்காரர், அதில் எமக்கு ஐயமில்லை. ‘கொடி’ என்னும் சொல்லைக் ‘கெடி’ என்றே வாசித்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். ஒற்றைக்கொம்பைக் கண்டவுடன் அவன் நா முந்திக்கொள்கிறது. பின்னால் நிற்கும் துணைக்கால் அவன் கண்ணுக்கு எட்டுவதில்லை. இவர் அவனைத் திருத்தவில்லை. துணைக்காலை விரலால் மறைத்து வாசிக்கச் சொன்னார். விரலை எடுத்து மறுபடி வாசிக்கச் சொன்னார். நான்காம் முறை பையன் தானே சிரித்துவிட்டான். பிள்ளை எங்கே இடறுகிறான் என்று காணும் இக்கண் எல்லோருக்கும் வாய்ப்பதன்று. ஆனால் வகுப்பில் இரைச்சல் எழுந்தால் இவருக்குப் பேச்சு நின்றுபோகிறது. தானே அடங்குமென்று காத்து நிற்கிறார். அது அடங்குவதில்லை, பாடவேளையில் பாதி போய்விடுகிறது. இதை எழுதுவதா, விடுவதா?

பவணந்தியார் நன்னூற் பாயிரத்தில் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமை கூறி, ஆசிரியராகார்க்குக் கழற்காய் பெய்த குடம், மடல் நிறைந்த பனை, பருத்தி அடைத்த குண்டிகை, முடத்தெங்கு ஆகியவற்றைக் கூறுவர். பின்னவற்றை ஊன்றி நோக்குக. குடத்தில் கழற்காய் நிறையத்தான் இருக்கிறது. போட்ட முறையில் வெளிவருவதில்லை. குண்டிகையில் பருத்தி நிறையத்தான் இருக்கிறது. சிறிது சிறிதாகப் பிடுங்க வேண்டியிருக்கிறது. குறை சரக்கில் இல்லை, அது வெளிப்படும் வகையில் இருக்கிறது. பட்டமும் மதிப்பெண்ணும் சரக்கை அளந்து காட்டும். அது பிள்ளைகளுக்கு எவ்வாறு போய்ச் சேருகிறதென்பதை வகுப்பிலிருந்து கண்டவரே கூறவேண்டும்; நற்சான்றுக்கு வேறு வேலையில்லை. முடத்தெங்கோ, நீர் வார்த்தவன் முற்றத்தில் நின்று அயலான் முற்றத்தில் காய் உதிர்ப்பது. பழக்கத்துக்காக எழுதும் சிபாரிசும் ஒருவகை முடத்தெங்கே போலும்.

‘வருங்காலத்தில் சிறந்த ஆசிரியராவார்’ என்று எழுதுவது இக்காலத்து வழக்கம். வருங்காலத்தை யார் கண்டார்? சாட்சி கண்டதைச் சொல்லவேண்டும். காணாததைச் சொல்வது சோதிடர் தொழில். கண்டதைச் சொல்லும்போது குறையும் உடன்வரும். அதனை மறைப்பது இரக்கமென்பர். யாருக்கு இரக்கம்? மறைத்த குறை மூன்றாம் வாரத்தில் 30 பிள்ளைகளுக்கு முன் வெளிப்படும். அப்போது அப்பெண்ணுக்குக் கைகொடுக்க ஒருவரும் ஆயத்தமாயிரார். தலைமையாசிரியர் தாம் ஏமாற்றப்பட்டதாக எண்ணி, அவருடைய நிறையையும் நம்பமாட்டார். முன்கூட்டி அறிந்திருப்பின் அக்குறையைத் தீர்க்க வழிதேடுவார். திருத்தக்கூடிய குறையைச் சொல்லாதிருப்பது அதனைத் திருத்தவிடாமற் செய்வதாகும்.

திருத்தமுடியாத குறையும் உண்டு. தகப்பன் தொழிலையும் சாதியையும் விசாரித்துப் பிள்ளையின் அறிவை அளப்பவர், ஏழைப் பிள்ளையின் கிழிந்த சட்டையை வகுப்பறிய நகைப்பவர், எத்துணைப் பட்டம் பெற்றிருப்பினும் அவருக்கு ஒரு வரியும் எழுதலாகாது. அங்கே நயமான மறுப்புக்கும் இடமில்லை; முடியாதென்று முகத்துக்கு நேரே சொல்லிவிடவேண்டும்.

இனி ஓர் ஆட்சேபம். எல்லோரும் தம்மாட்களை ‘ஈடிணையற்றவர்’ என்று எழுதும் உலகில், நாம் மட்டும் ‘நல்லவர், ஆயினும்’ என்று எழுதினால், உண்மை சொன்ன குற்றத்துக்கு அப்பெண்ணன்றோ தண்டனை அடைவார்? இது கனத்த கேள்வி, ஊதித் தள்ளக்கூடியதன்று. அடைமொழிகளோடு போட்டியிட அடைமொழி உதவாது. கண்ட நிகழ்ச்சி உதவும். ஆகவே கொடியின் கதையை முழுதும் எழுதினோம். அப்படியும் வேலை தவறிப்போகக்கூடும். அந்த அபாயத்தை, அவர் அறியாமல் அவர்மேல் ஏற்ற நமக்கு உரிமையில்லை. கடிதத்தை முதலில் அவரிடமே கொடுத்தோம்.

தந்தையார் முகம் சுளித்தார். “ஐயா, இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் என்ன?” என்றார். மாணவி அவ்வரியை இருமுறை வாசித்தார். “இருக்கட்டும் அப்பா” என்றவர், பக்கத்து வகுப்பில் அனுபவமுள்ள ஆசிரியை ஒருவர் இருந்தால் தமக்கு உதவியாயிருக்கும் என்பதையும் சேர்த்துவிடும்படி எம்மிடம் கேட்டார். சேர்த்தோம். கடிதம் மறுநாட் தபாலில் போயிற்று.