கையும் ஆளும்

இலக்கண வகுப்பிலே சினையாகுபெயருக்கு உதாரணம் கேட்டால், 'தலைக்கு ஒரு பழம் கொடு' என்று மாணவர் தயங்காமற் சொல்லிவிடுவர். உறுப்பின் பெயர் உறுப்புடையவனுக்கு ஆகி வந்தது, விடை சரி, வகுப்பு அடுத்த ஆகுபெயருக்குப் போய்விடுகிறது. ஆயின், ஒரு மனிதனை அவனது உறுப்பொன்றின் பெயராற் சுட்டும்போது எஞ்சிய மனிதனுக்கு என்ன நேர்கிறது என்னும் வினா இலக்கணத்தோடு முடிவதன்று. ஆங்கிலத்தில் மிகச் சாதாரணமாக வழங்கும் 'ஹான்ட்' என்ற சொல் நம்மை அவ்வினாவின் முன் நிறுத்துகிறது.

கை என்பது அதன் முதற்பொருள். கையெழுத்து, மணிக்கூட்டின் முள், சீட்டாடுபவர் பிடித்திருக்கும் சீட்டுகள் யாவும் அச்சொல்லுள் அடங்கும். ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தில், உறக்கத்தில் நடந்து வரும் சீமாட்டி தேய்த்துத் தேய்த்துக் கழுவுவதும் கையைத்தான். இவை அகராதியே சொல்லித் தருபவை. நாம் கருதுவது கூலிக்கு உழைப்பவனைக் குறிக்கும் பொருளை.

1853 இல் பிரெஸ்டன் நகரப் பருத்தியாலை முதலாளிகள், 10 வீதக் கூலி உயர்வு கேட்ட தொழிலாளரை வெளியே நிறுத்தி ஆலைகளை மூடினர். 1854 ஜனவரியில் சார்ள்ஸ் டிக்கன்ஸ் அந்நகருக்குச் சென்று போராட்டத்தை நேரிற் கண்டார். அவ்வாண்டிலேயே 'ஹார்ட் டைம்ஸ்' நாவல் அவரது வார இதழில் தொடராக வெளிவந்தது. அதிலே தொழிலாளர் 'கைகள்' என்றே, ஏதோ ஓர் இனத்தின் பெயர்போல, முதலெழுத்தைப் பெரிதாக்கி எழுதப்படுகின்றனர். குறைசொல்ல வாய்திறப்பவன் எவனாயினும், அவன் பொற்கரண்டியால் ஆமைச்சாறு கேட்பதாகவே ஆலை முதலாளி பவுண்டர்பிக்குத் தோன்றுகிறது. அதிலும் ஒரு நியாயம் உண்டு: கைக்கு வாய் ஏது?

டிக்கன்ஸ் அக்கைகளுக்கு இதயத்தை மீட்டுக் கொடுத்தார். அது சிறிய பணியன்று. ஆனால் அவர் படைத்த தொழிற்சங்கப் பேச்சாளன் வெறும் வாய்வீச்சுக்காரன். நல்ல தொழிலாளியோ சங்கத்திற் சேராத தனியன். கைகள் இரக்கத்துக்குரியனவாய் இருக்கும்வரை அவருக்குச் சம்மதம். அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டபோது அவர் முகஞ்சுளித்தார் என்றே நமக்குப் படுகிறது.

சொல்லிற் குற்றமில்லை, மாலுமிகளும் தம்மை 'கைகள்' என்றே அழைத்துக்கொள்கின்றனரே என்று வாதிடலாம். உண்மைதான். ஆயின், கப்பல் 'எல்லாக் கைகளோடும்' மூழ்கியது என்று ஆங்கிலேயர் சொல்லும்போது கப்டனும் அக்கணக்கிற் சேர்ந்துவிடுகிறான். ஆலையிலோ முதலாளி ஒருபோதும் கையாக எண்ணப்பட்டதில்லை. ஒரே சொல், ஓரிடத்திற் கூட்டத்தின் பெயர். மற்றோரிடத்தில் ஒரு வேலி. 1776 இல் அடம் ஸ்மித் எழுதிய கட்புலனாகாக் கை நூல்கள்தோறும் போற்றப்பட்டது. நூல் நூற்ற கைகளுக்கு அப்பேறு கிட்டவில்லை.

கை உழைப்பின் கருவி மட்டுமன்று, உழைப்பின் விளைபொருளும் அதுவே என்று 1876 இல் எங்கெல்ஸ் எழுதினார். குரங்கின் கை மனிதக் கையானதும், பேச்சு பிறந்ததும், மூளை வளர்ந்ததும் ஒரே வரலாறு என்பது அவர் கருத்து. அவ்வாறாயின், மூளையை நீக்கிக் கையை மட்டும் வாங்குவதாக எண்ணுபவன் சந்தையில் இல்லாத பொருளுக்கு விலை பேசுகிறான்.

ஆங்கிலேயரைப் பழித்து நாம் நிறைவடைவதற்கில்லை. அவர்களது 'கூலி' என்ற சொல் தமிழிலிருந்து சென்றதென்பார் பலர். வேறு மூலம் காட்டுவோரும் உளர். தமிழிற் கூலி என்பது ஊதியம். அவர்கள் வாயில் அது ஆளாயிற்று. மலைநாட்டுத் தோட்டங்களில் இதற்கு நேர்மாறான வழக்கொன்று உண்டு. அங்கே ஒரு நாட் கூலிக்குப் 'பேர்' என்பர். ஆளின் பெயரே ஊதியமாகிவிட்டது. விடிந்தது முதல் மலையில் நின்றவள், மாலையிற் கொழுந்தின் நிறை குறைந்துவிட்டால், பதிவேட்டில் அன்றைக்கு அரைப்பேர்தான்.