ஏரும் துலாக்கோலும்

உழவன் உயர்ந்தவனா, வணிகன் உயர்ந்தவனா என்னும் வினா மிகப் பழமையானது. விளைவிப்போன் இல்லையேல் விற்கப் பொருளில்லை. கொண்டு செல்வோன் இல்லையேல் விளைந்த பொருள் களத்திலேயே மட்கும். ஆயினும், விலை பேசும் வேளையில் இவ்விருவரிடையே கசப்பு எழுவது உலகியல்பு. அக்கசப்பைத் தீர்க்கும் அறம் யாது என்பதற்குக் கொங்கு நாட்டின் வரலாற்றிலேயே விடை உண்டு.

கொங்கு பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. கிணறு தோண்டிக் கவலை இறைத்தும், 13-ஆம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்காலால் பவானி நீரைப் பாய்ச்சியும் இம்மக்கள் பயிர் வளர்த்தனர். அதே மண் பாலக்காட்டுக் கணவாயின் வாயிலாகவும் அமைந்தது. கொடுமணலின் மணிகளும், வெள்ளலூரில் கிடைத்த ரோமானியக் காசுகளும், கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியில் கல்வெட்டுக் கூறும் இராசகேசரிப் பெருவழியும் அதற்குச் சான்றுகள். ஏரும் பொதிமாடும் இங்கே அண்டை வீட்டார்.

இடைக்காலத்தில் உழவர் 'சித்திரமேழிப் பெரியநாட்டார்' என்றும், வணிகர் 'திசையாயிரத்து ஐந்நூற்றுவர்' என்றும் பெருங்குழுக்களாக இயங்கினர். மேழியைச் சின்னமாகக் கொண்ட உழவர் தம்மைப் பூமிதேவியின் மக்கள் என்றே கூறிக்கொண்டனர். பிரான்மலை, திருப்பூரை அடுத்த சர்க்கார் பெரியபாளையம் ஆகிய ஊர்களின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் 'பட்டணப்பகுதி' என்னும் ஏற்பாட்டைக் கூறுகின்றன. சரக்குகளின் மீது ஒரு சிறு பங்கைக் கோயிலுக்கென வணிகர் தாமே விதித்துக்கொண்டது அது. இலாபம் கண்டபின் மனமிருந்தால் கொடுப்பதன்று. சரக்கின் மீதே கோயிலின் பங்கை வைப்பது. பொருள் முழுவதும் தமதன்று என்னும் உணர்வு அதில் உறைந்துள்ளது.

எனினும், கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் குறைந்த எடை சரியாகிவிடுமா? ஆகாது. துலாக்கோலைச் சாய்த்து ஈட்டிய பொருளில் பெருமாளுக்கு அளிக்கும் காணிக்கை, உழவனின் வியர்வையைத் திருடி அளிப்பதே. பருத்தியை நனைத்து எடை கூட்டும் உழவனும் அதே குற்றத்தைச் செய்தவனாவான். உழவுக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், வாணிகத்தின் நெறியை நடுவுநிலைமை அதிகாரத்தின் முடிவில் வைத்தார். தராசின் முன் இருவருக்கும் அறம் ஒன்றே.

வைணவ மரபும் இதனையே உணர்த்துகிறது. அண்ணன் பலராமன் கலப்பை ஏந்தியவன். தம்பி கண்ணன் வளர்ந்த ஆயர்பாடியின் தயிரும் வெண்ணெயும் மதுரா நகர்க்கு விலைக்குச் சென்றவை. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் உழவையும் ஆநிரை காத்தலையும் வாணிகத்தையும் ஒரே வரிசையில் எண்ணுகிறது.

அண்மைக் காலத்திலும் இவ்வுணர்வு கோவையில் மறையவில்லை. 1888-இல் முதல் நூற்பாலை எழுந்தபின், கரிசல் நிலத்துப் பருத்தி ஆலைகளின் நூலாயிற்று. 1926-இல் பீளமேட்டுப் பூ. சா. கோவிந்தசாமி நாயுடுவின் மைந்தர் நால்வர் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்து, ஐந்தாம் பங்கை அறத்திற்கு ஒதுக்கினர். அப்பங்கிலிருந்து கல்விச்சாலைகள் பல தழைத்தன. கூடப்பிறவாத ஓர் உடன்பிறப்பாக அறத்தையும் கருதிய செயல் அது.

வீதியில் எழுந்தருளும் பெருமாளின் ஒருபுறம் பூதேவி, மறுபுறம் ஸ்ரீதேவி. மண்ணும் திருவும் அவனைச் சார்ந்தே நிற்கின்றன. ஒன்றையொன்று வெல்ல நிற்பவையல்ல. தேர்வடம் பற்றும்போது ஏர் பிடித்த கை எது, தராசு பிடித்த கை எது என்று வடம் கேட்பதில்லை. திருவிழா முடிந்து சந்தைக்குத் திரும்பும்போதும் அக்கைகள் அவ்வாறே தூய்மையாய் இருக்குமாயின், அதுவே அவன் உகக்கும் கைங்கரியமாகும்.