கிரியான் ஆற்றங்கரையில் இருட்டுக்குக் காத்திருந்தபோது

துபாயில் வேலை பார்க்கும் அக்கா மகன் மாலையில் பாலைவனச் சுற்றுலா போய்வந்த கதையைப் போனில் சொன்னான். மணலுக்குள் இறங்கும் முன் ஓட்டுநர் நான்கு டயரிலும் காற்றைக் குறைத்தாராம். காற்று நிறைந்திருந்தால் சக்கரம் புதைந்துவிடும். மேட்டில் ஏறி இறங்கி வயிறு கலங்கியது, முகாமில் பேரீச்சம்பழமும் காப்பியும், மருதாணி, சுட்ட இறைச்சி, சுழன்றாடும் நடனம். எல்லாவற்றையும் சொன்னவன் கடைசியில் குரலைத் தாழ்த்தினான்: "கொஞ்ச நேரம் எல்லா விளக்கையும் அணைச்சாங்க மாமா. அதுதான் மனசுல நிக்குது."

*

பட்டர்வொர்த்தில் பாலைவனம் இல்லை. ஆனால் அவன் சொன்ன அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டுமே நம்பி ஒரு மாலைப் பயணம் இங்கே உண்டு. கம்யூட்டர் ரயிலில் தெற்கே போனால் புக்கிட் மெர்தாஜாம், சிம்பாங் அம்பாட், பிறகு நிபோங் தெபால். அங்கே கிரியான் ஆற்றில் படகேறி மின்மினி பார்க்கலாம். நம் ஊரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியோ அதற்குப் பிறகோதான் மறைகிறது. அதன் பிறகும் காத்திருக்க வேண்டும். அந்தி வெளிச்சம் ஆற்றை விட்டு முழுவதும் போக வேண்டும். காசு கொடுத்து இருட்டுக்காக உட்கார்ந்திருப்பதே எனக்கு நல்ல பயிற்சியாக இருக்கிறது. கை தானாகப் போனைத் தேடும். அதைப் பையிலேயே விட்டுவிடுவேன்.

*

படகோட்டி இயந்திரத்தை நிறுத்துகிறார். கரையில் பெரெம்பாங் மரம். முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு ஒளி. கண் பழகப் பழக மரம் முழுவதும் தெரிகிறது. ஒரு கிளையில் இருக்கிற அத்தனையும் ஒன்றாக மின்னி ஒன்றாக அணைகின்றன. தெரோப்டிக்ஸ் பேரினத்து மின்மினிகள் இவை. ஆண் பூச்சிகள் தாளம் பிசகாமல் மின்னிப் பெண் பூச்சிகளை அழைக்கின்றன. உடம்புக்குள் லூசிஃபெரின் என்ற பொருள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒளியாகிறது. சூடு அநேகமாக இல்லை. வெளிச்சத்துக்காக எதையாவது எரித்தே பழகியவர்கள் நாம். எரியாமல் வரும் இந்த ஒளியின் முன்னால் பேச்சு எழுவதில்லை.

*

திரும்பும் வழியில் நினைத்துக்கொண்டது. நிபோங் தெபால் சுற்றுவட்டாரம் 19ஆம் நூற்றாண்டில் கரும்புக்காடு. கலிடோனியா, பைரம் என்று தோட்டங்கள். ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்களைக் கொண்டுவந்து வெட்ட வைத்தார்கள். பிறகு கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய் செம்பனை வந்தது. பகலெல்லாம் வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பியவர்களில் ஆற்றோரம் நடந்தவர்கள் இந்த மரங்களைக் கண்டிருப்பார்கள். மின்சாரம் இல்லாத இரவில் இன்று நான் காண்பதைவிடப் பல மடங்கு பிரகாசமாகக் கண்டிருப்பார்கள். அவர்கள் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை நான் எழுதி வைக்கிறேன்.

*

சுற்றுலாவுக்கு மாலை நேரத்தைத் தேர்ந்தெடுப்பது வெயில் தணிவதாலும் படம் அழகாக வருவதாலும்தான். அந்த மண்ணில் வாழும் உயிர்களுக்கோ அதுதான் விடியல். பாலையில் பகல் முழுவதும் வளைக்குள் கிடந்த எலியும் தேளும் அப்போதுதான் வெளியே வருகின்றன. ஆற்றில் மின்மினி தன் வேலையை அப்போதுதான் தொடங்குகிறது. விழித்தெழும் வீட்டுக்குள் நாம் சத்தமும் விளக்குமாக நுழைகிறோம். கரையில் ஒரு தெருவிளக்கு கூசுமளவு எரிந்தாலும் அழைப்பு ஒளி எடுபடாது, இணை சேராது. கேமரா வெளிச்சமும் வேண்டாம் என்று படகோட்டி சொல்வது வெறும் விதிக்காக அல்ல.

துபாயிலேயே சுமார் 225 சதுர கிலோமீட்டரைப் பாலைவனக் காப்பகமாக ஒதுக்கியிருக்கிறார்கள். 1972இல் காட்டில் அற்றுப்போன அரேபிய ஓரிக்ஸ் மான் இன்று அங்கே நடமாடுகிறது. இடம் விட்டால் உயிர் திரும்பும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியதில்லை.

*

மின்மினிக்கு எவ்வளவு இடம் விடுவது? மரத்தை மட்டும் விட்டால் போதாது. முட்டையிடுவது மரத்தில் அல்ல, பின்னால் உள்ள ஈர மண்ணில். புழு அங்கேயே நத்தைகளைத் தின்று மாதக்கணக்கில் வளர்கிறது. இறக்கை முளைத்து மின்னுவது சில வாரங்கள்தான். செம்பனையை நீர் விளிம்பு வரை நட்டுப் பூச்சிமருந்து தெளித்தால், மரம் நின்றாலும் அடுத்த தலைமுறை வந்து சேராது. கரையோரத்தில் ஒரு பட்டை நிலத்தையாவது யாரும் தொடாமல் விட வேண்டும் என்று தோட்டக்காரர்களிடமும் மாநில அரசிடமும் கேட்க விரும்புகிறேன்.

*

போகிறவர்களுக்கு: அமாவாசையை ஒட்டிய நாட்கள் நல்லவை. நிலா இருந்தால் ஒளி மங்கித் தெரியும். கோலசிலாங்கூர் அருகே கம்போங் குவாந்தானில் துடுப்புப் படகில் கூட்டிப் போகிறார்கள். இயந்திரச் சத்தம் இல்லை, அலை கரையை அரிப்பதில்லை. கிரியானிலும் யாராவது துடுப்புப் படகு விட்டால் முதல் ஆளாக ஏறுவேன்.